பதுளைக்கு எதுக்குக் கருங்கால் நீமோ?

பதுளைக்குக் கடல் கிடையாது. ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் மேலே. மட்டக்களப்புப் பக்கமோ அம்பாந்தோட்டைப் பக்கமோ இறங்கினால்தான் உப்புக் காற்று. தோட்டத்தில் பிறந்து கலைப்பீடங்களில் படிக்கிற எங்களில் பாதிப்பேர், கம்பஸ் போன பிறகுதான் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்தோம். அப்படிப்பட்ட ஊரில், பண்டாரவளையிலும் சேர்த்து, இப்போது சில வீட்டு முன்னறைகளுக்குள் கடல் வந்துவிட்டது. நீல வெளிச்சம், உப்புத் தண்ணி, உயிருள்ள பவளம், நடுவே ஒரு ஜோடி கோமாளி மீன். ரீஃப் டேங்க் என்கிறார்கள். பார்க்க அழகுதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை வந்தது வேறு இடத்தில். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதினார்: "சாதாரண நீமோ எல்லாரும் வெச்சிருக்காங்க. நான் கருங்கால் ஜோடி எடுக்கப் போறேன். ரெயார் ஐட்டம். கடல்லயே புடிச்சது." அதற்குக் கீழே வரிசையாகத் தீ எமோஜி. ஒருத்தர்கூட "ஏன்?" என்று கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த எமோஜி போட்டவங்களுக்கு.

முதலில் மீனைப் பற்றி. நண்பர் சொன்ன கருங்கால், அம்ஃபிப்ரியோன் நைக்ரிபெஸ் என்ற இனம். 1908இல் ரீகன் என்ற பிரித்தானிய மீனியலாளர் விவரித்துப் பெயர் வைத்தது. மங்கின செம்மஞ்சள் உடம்பு, கண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளைப் பட்டி, வயிற்றுப் பக்கச் செட்டைகள் கறுப்பு. முழுசா வளர்ந்தாலும் கைக்குள் அடங்கும். உலகத்தில் கோமாளி மீன் இனங்கள் 30 அளவில் இருக்கின்றன. இது மாலைத்தீவு, இலட்சத்தீவு, இலங்கை என்கிற இந்த மூலையை விட்டால் வேறெங்கும் இல்லை. அதாவது இது எங்கள் பக்கத்து மீன். சில கோமாளி மீன்கள் ஏழெட்டு வகைக் கடல் அனிமனிகளில் எதிலும் குடியிருக்கும். கருங்காலுக்கு அந்தச் சலுகை இல்லை. கடலில் அது ஒரே ஒரு வகை அனிமனியில்தான் வாழ்கிறது.

அனிமனி பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் விலங்கு. அதன் விரல்கள் கொட்டும். மற்ற மீன்கள் கிட்டப் போகாது, கோமாளி மீன் மட்டும் அதற்குள்ளேயே படுத்து எழும்பும். ஒரு அனிமனிக்குள் ஐந்தாறு மீன் இருந்தால் ஒரு குடும்பம் என்று நினைப்போம். உண்மையில் அது ஒரு கியூ. இருக்கிறதிலேயே பெரியது பெண். அடுத்தது அதன் துணை ஆண். மிச்சம் எல்லாம் குட்டையாக, இனம் பெருக்காமல், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பெரிய பெண் செத்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். கியூவில் அடுத்து நின்றது ஆணாகப் பொறுப்பேற்கும். (நீமோ படத்தை உயிரியல் பாடப்படி எடுத்திருந்தால் அம்மா செத்த பிறகு அப்பா மார்லின்தான் அம்மாவாகியிருக்க வேணும். அந்தத் துணிச்சல் அவங்களுக்கு வரவில்லை.) இந்தக் கியூ ஒன்றிரண்டு மாசத்தில் நகர்வது இல்லை. பப்புவா நியூகினியில் இன்னொரு கோமாளி இனத்தை வைத்துச் செய்த ஆய்வு, பெண் மீன்கள் கடலில் 30 வருஷம் வரை வாழக்கூடும் என்று கணக்கிட்டது. எங்களை விட மூத்த மீன்கள் அந்தப் பாறைகளில் இருக்கலாம்.

இப்போது "ஜோடி எடுக்கப் போறேன்" என்ற வசனத்தைத் திரும்பப் படிங்க. கடலில் பிடித்த ஜோடி என்றால், பெரும்பாலும் அந்த இடத்தில் முட்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு மீனும்தான். பெரியது, நிறமானது, சேர்ந்தே இருப்பது, கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான். மிஞ்சுவது கியூவின் வால். அதுகள் வளர்ந்து, மாறி, முட்டையிடத் தொடங்க நாளாகும். அதுவரைக்கும் அனிமனியின் நிலையும் சிக்கல்தான். கோமாளி மீன் இல்லாத அனிமனியை வண்ணத்துப்பூச்சி மீன்கள் கடித்துத் தின்னும். அவற்றை விரட்டுகிறது கோமாளி மீன்தான். மீனின் கழிவு அனிமனிக்குள் இருக்கும் நுண்பாசிக்கு உரம். ஆகவே இரண்டு மீனை எடுக்கும்போது ஒரு வீட்டின் கூரையையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அனிமனியையும் சேர்த்துப் பெயர்த்து எடுத்தால் பேச்சே இல்லை. கருங்கால் குடியிருக்கிற வகை தொட்டியில் பிழைக்க வைக்க மிகவும் கஷ்டமான வகை என்று பழக்கப்பட்ட மீன் வளர்ப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

"நாங்க மீனை நேசிக்கிறோம்டா, உங்களுக்கு அது புரியாது" என்று பதில் வரும். வந்தது. நேசிக்கிறீங்க, சரி. அப்படியென்றால் ஏன் கருங்கால்? ஏன் பண்ணையில் பொரித்த சாதாரண ஆரஞ்சு நீமோ போதாது? அதுவும் அதே மாதிரி நெளியும், அதே மாதிரி அனிமனியோடு கொஞ்சும், தொட்டியில் பிறந்ததால் தீனிக்கும் சட்டென்று பழகும். வித்தியாசம் ஒன்றுதான்: அது பக்கத்து வீட்டிலும் இருக்கிறது. ஆக நேசிக்கப்படுவது மீனின் குணம் இல்லை. இன்னொருத்தனிடம் இல்லை என்ற சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விசித்திர இயல்பு உண்டு. பொருள் குறையக் குறைய அது கூடும். மீன் எவ்வளவு அருகுதோ அவ்வளவு விலை, எவ்வளவு விலையோ அவ்வளவு பேர் வலையோடு இறங்குவார்கள். அவுஸ்திரேலியாவுக்கு அப்பால் லோட் ஹவ் தீவுப் பக்கம் மட்டுமே வாழும் மக்கலக் கோமாளி மீன் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகிறது. காரணம் அதன் அழகு என்று யாரும் சொல்ல மாட்டாங்க. கரும்பழுப்பு உடம்பு, வெள்ளை வால், அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்தின் கணக்கைப் பார்த்தால் ஆசை எங்கிருந்து ஊட்டப்படுகிறது என்று விளங்கும். ஐநா சுற்றாடல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. மாலைத்தீவிலிருந்து 2000ஆம் ஆண்டு ஏற்றுமதியான தொட்டி மீன் ஒரு கிலோ ஏறத்தாழ 500 அமெரிக்க டொலர். அதே பாறைகளில் சாப்பாட்டுக்குப் பிடித்த மீன் ஒரு கிலோ 6 டொலர். உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் கைமாறுகின்றன என்றும் அதே அறிக்கை சொன்னது. இலங்கை இதற்குப் புதுசு இல்லை. 1930களிலேயே இங்கிருந்து சிறு அளவில் கடல் மீன் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. நீமோ படம்தான் எல்லாத்தையும் கெடுத்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது, நாங்களும் அப்படித்தான் எழுதலாம் என்று தேடிப் பார்த்தோம். ஆனால் அதன் அடுத்த படமான டோரியை வைத்து ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், படம் வந்த பிறகு இணையத் தேடல் கூடியது தெரிந்தது, மீன் இறக்குமதி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே சின்னப் பிள்ளைகள் மேல் பழி போட வேண்டாம். கருங்கால் கேட்பது சின்னப் பிள்ளைகள் இல்லை, விலை தெரிந்த பெரியவங்கதான்.

சரி, கடல் எங்கேயோ இருக்கிறது, மலையில் இருக்கிற நமக்கு என்ன என்று கேட்கிறவங்களுக்காகத் தண்ணியிலிருந்து தொடங்குவோம்.

துன்ஹிந்தயில் விழுகிறது பதுளு ஓயா. அது போய் மகாவலியில் சேரும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலில் இறங்கும். பண்டாரவளைப் பக்கத்துத் தண்ணி கிரிந்தி ஓயாவாகத் தெற்குக் கடலுக்குப் போகும். தேயிலை மலையில் மழைக்குக் கரைகிற மண், தெளிக்கிற மருந்து, போடுகிற உரம், நகரத்துச் சாக்கடை எல்லாத்துக்கும் கடைசி விலாசம் கடல்தான். முருகைக்கல்லுக்குச் சேறு ஆகாது. அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேணும். கலங்கின தண்ணியில் அது மூச்சுத் திணறும். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பாறைகளில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. 2016இல் கிழக்கிலும் வெளுத்தது. இப்படி நொந்துகிடக்கிற இடத்திலிருந்துதான் பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்து மீன் மலைக்கு ஏறுகிறது. நாம் கீழே அனுப்புவது சேறு, மேலே எடுப்பது மீன். இந்தக் கொடுக்கல் வாங்கலில் கடலுக்கு என்ன கிடைக்கிறது?

மேலே வந்த பிறகும் தண்ணிக் கணக்கு முடியவில்லை. ரீஃப் தொட்டிக்குக் குழாய்த் தண்ணி ஆகாது, ஆர்.ஓ. மெஷினில் வடித்த தண்ணி வேணும். வீட்டு மெஷின்கள் ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்கு மூன்று நான்கு லீற்றரைச் சாதாரணமாகக் கழித்து விடும். அந்த நல்ல தண்ணியில் உப்பைக் கரைத்து, வாராவாரம் கொஞ்சம் மாற்ற வேணும். பங்குனி, சித்திரையில் பீலியில் நூல் மாதிரி தண்ணி வரும்போது குடத்தோடு நின்ற அனுபவம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டப்போய் 2014 டிசம்பரில் உள்ளே தண்ணி பீறிட்டதையும், பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் இந்த மாகாணம் மறக்கவில்லை. 2024 ஏப்ரலில் அந்தத் திட்டத்தைக் கோலாகலமாகத் திறந்தாங்க. கிணறு வற்றின ஊரில் மீனுக்கு ஆர்.ஓ. தண்ணி என்பது சட்டத்துக்கு விரோதம் இல்லை. கண்ணுக்கு விரோதமாக இருக்கிறது, அவ்வளவுதான். மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க. நம் குளிருக்கு 25, 26 பாகை வெப்பம் வைக்க ஹீட்டர் ஓயாமல் வேலை செய்யணும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது இந்தத் தொட்டிகளுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

வெளியூர் மீனை மலைக்கு ஏற்றுகிற ஆசையும் புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக, ட்ரவுட் மீன் முட்டையைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டாங்க. ஓடையில் ஏற்கெனவே என்ன மீன் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தேயிலையும் ட்ரவுட்டும் ஒரே மனசிலிருந்து வந்தவை: மலை வெறும் இடம், நமக்குப் பிடித்ததை அதில் வைக்கலாம். அந்த மனசு இப்போது தமிழும் சிங்களமும் பேசுகிறது.

இதை எழுதும்போதே ஒரு குரல் கேட்கிறது. "தோட்டத்து ஆளுங்க ஒரு அழகான பொருள் வெச்சுக்கிட்டா உங்களுக்குப் பொறுக்காதே. தோட்டத்தான்னா லயத்துக் கஷ்டத்தப் பத்தியே எழுதணுமா?" இந்தக் குரலை நாங்கள் மதிக்கிறோம். அது சரியான கோபம். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை, 1350 ஆவதற்கு 2024 வரை போராடின சமூகத்துக்கு அழகு தேவையில்லை என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. லயத்து ஜன்னலில் ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டு கப்பி மீன் வளர்க்கிற பையனின் பக்கம்தான் நாங்களும். அவன் தினமும் தண்ணி மாற்றுவான், குட்டி போட்டால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு இரண்டு கொடுப்பான். அந்தக் கப்பி எங்கே பிறந்தது, யார் வளர்த்தது, எப்படிக் கைக்கு வந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். கருங்கால் ஜோடி வாங்குகிறவருக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. வழியில் எத்தனை செத்தன என்பதை எந்த ரசீதும் சொல்லாது.

உழைப்பைப் பற்றிப் பேசுகிறவங்க இன்னொரு ஆளையும் நினைக்கணும். தொட்டிக்கும் கடைக்கும் அப்பால், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முழுகுகிற பொடியன். ஆழத்தில் அழுத்தத்தால் நைதரசன் இரத்தத்தில் கரையும். ஒரே நாளில் திரும்பத் திரும்ப முழுகி அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகும். மூட்டு வலிக்கும், கால் விழும், சில நேரம் ஆளே போவான். கண்ணாடித் தொட்டி முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும்போது அந்த ஆள் தெரிவதில்லை. தேயிலைக் கோப்பையில் கொழுந்தெடுக்கிற அம்மா தெரியாத மாதிரித்தான். லண்டனில் தேத்தண்ணி குடிக்கிறவன் நம்மை நினைக்கவில்லை என்று கட்டுரை எழுதுகிற நாம், அதே வேலையை இன்னொருத்தருக்குச் செய்யலாமா?

கடைசியாக ஒரு கெட்டிக்கார வாதம் மிச்சம் இருக்கிறது. "கடல் எப்படியும் சாகுது. தொட்டில இருந்தா இனமாவது தப்பும்." கேட்க நோவாவின் பேழை மாதிரி இருக்கிறது. ஆனால் பேழைக்குள் போனவை பெருக வேணும். முன்னறையில் ஒரு ஜோடி, அது எந்தப் பாறையில் பிடித்தது என்ற பதிவு இல்லை, போட்ட முட்டை பொரித்தாலும் குஞ்சு அடுத்த நாளே ஃபில்டருக்குள் போய்விடும். இது பேழை ஆகாது. கோமாளி மீன் குஞ்சை வளர்ப்பது முடியாத காரியமும் இல்லை. புளோரிடாவில் மார்ட்டின் மோ 1970களிலேயே செய்து காட்டிவிட்டார். நுண்பாசி வளர்த்து, அதில் ரொட்டிஃபர் வளர்த்து, அதைக் குஞ்சுக்குக் கொடுத்து, பிறகு ஆட்டீமியாவுக்கு மாற்றி, இராப்பகலாகக் கவனிக்கணும். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் பல கோமாளி மீன் இனங்களை இப்படித்தான் தொட்டியிலேயே முட்டையிட வைத்துப் பெருக்கியது. பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையமும் செய்தது.

மண்டபம் என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. எங்கள் பூட்டன் பாட்டிமாரை இலங்கைக்கு ஏற்றுவதற்கு முன்னால் தடுத்து வைத்து, மருந்தடித்து, எண்ணிப் பார்த்த முகாம் இருந்த இடம் அது. புது மீன் வாங்கினால் முதலில் குவாரண்டீன் தொட்டியில் போடணும் என்று நண்பர் விளக்கினபோது எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மீனையும் மனுசரையும் ஒன்றாக்க நாங்கள் வரவில்லை, அது மனுசருக்குச் செய்யும் மரியாதையும் இல்லை. ஆனால் ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பது எவ்வளவு சுலபமான வேலை என்று பெயர்க்கிறவன் நினைக்கிறான் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

ஆகவே சொல்ல வந்தது இது. கடல் தொட்டி வைக்கத்தான் வேணும் என்றால், தொட்டியில் பிறந்த சாதாரண நீமோவை வையுங்க. அதைப் பெருக்கக் கற்றுக்கொள்கிறவர் இருந்தால் அவரைப் பற்றி அடுத்த கட்டுரை எழுத நாங்கள் தயார். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் நீரியல் வளத் தொழில்நுட்பம் படிக்கிற நண்பர்கள் இதே பதுளையில்தான் இருக்கிறாங்க, அவங்களைப் பிடிங்க, பேசுங்க. கருங்காலைப் பண்ணையில் பொரித்ததற்கு எழுத்தில் ஆதாரம் காட்டினால் எங்கள் எதிர்ப்பில் பாதி போய்விடும். தண்ணிக் கணக்கு மட்டும் மிஞ்சும்.

பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடலில் உயிருள்ள முருகைக்கல்லைப் பெயர்த்து எடுப்பது வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். "கல்தானே" என்று விற்கிறவரிடம் அதைச் சொல்லுங்க. அது கல் இல்லை, உயிர் என்று ஓ.எல். விஞ்ஞானப் புத்தகம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

கடைக்காரர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மாம்பழத்துக்குக்கூட எந்த ஊர் என்று எழுதி வைக்கிறீங்க. ஒவ்வொரு தொட்டியிலும் "பண்ணையில் பொரித்தது" அல்லது "கடலில் பிடித்தது, இன்ன இடம்" என்று ஒரு துண்டு ஒட்டுங்க. மூன்று மொழியிலும். ஒட்ட மாட்டேன் என்கிற கடையில் நாங்கள் வாங்க மாட்டோம், வாங்குகிற நண்பர்களிடமும் கேட்போம். எங்கள் குழுவில் இதை ஒரு விதியாகவே போட்டுவிட்டோம்: எங்கிருந்து வந்தது என்று சொல்லாத மீனின் படம் வந்தால் தீ எமோஜி கிடையாது, கேள்விக்குறிதான். நாலு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டாங்க. கருங்கால் ஜோடி இன்னும் வந்து சேரவில்லை, அட்வான்ஸ் கட்டியாச்சாம்.